பட்டாவில் ஹெக்டேர், ஏர் பக்கத்திலேயே சென்ட்டையும் போடுங்கள்

தமிழ்நாடு வருவாய்த் துறை, நில அளவைத் துறை, பதிவுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம் என்று ஆனபிறகு தாலுகா ஆபீஸுக்கு அலைவது எவ்வளவோ குறைந்திருக்கிறது, அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தத் தாளை வாங்கியதும் ஊரில் பலரும் கேட்கிற முதல் கேள்வி, "இது எத்தனை சென்ட்டுங்க?" என்பதுதான். பதில் அந்தத் தாளில் இல்லை.

பரப்பு என்கிற இடத்தில் 0 - 40.50 என்று இருக்கும். ஹெக்டேர் பூஜ்யம், ஏர் நாற்பதரை. காலமெல்லாம் சென்ட் கணக்கிலேயே வாங்கி விற்றவர் கண்ணுக்கு அது நாற்பதரை சென்ட்டாகத்தான் தெரியும், ஆனால் அது முழுசாக ஒரு ஏக்கர், அதாவது நூறு சென்ட்! ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது பிறந்த வீட்டுப் பங்கு கேட்டு வருகிற பெண்ணிடம் இந்தத் தாளைக் காட்டி, "பார்த்துக்கோ, மொத்தமே நாற்பது சென்ட்தான்" என்று யாராவது சொன்னால், அவர் அதை எதை வைத்து மறுப்பார்? பக்கத்தில் ஒரு வரி இருந்தால் அவரே படித்துக்கொள்வார், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூலப் பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். நிலத்தின் எல்லையைக் காட்டும் பழைய புலப்படத்தில் அளவு லிங்க்ஸ் என்கிற சங்கிலிக் கணக்கில் இருக்கும், புதியதில் மீட்டர். மனை விற்பது சதுர அடியில், சென்னைப் பக்கம் 2400 சதுர அடி ஒரு கிரவுண்ட். டெல்டாவில் இன்னமும் மா, வேலி. தஞ்சாவூர்ப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் மாவையும் வேலியையும் பட்டாவில் போடச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் சென்ட் எந்த ஊரிலும் 435.6 சதுர அடிதான், அதைப் போடுவதில் என்ன தடை?

இழப்பீட்டிலும் இதே கதை. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் மூழ்கிய நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. மூன்று மா சாகுபடி செய்தவர் தன் கைக்கு எட்டாயிரத்துச் சொச்சம்தான் வரும் என்பதை அந்த அறிவிப்பைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பார்? ஏக்கருக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொன்னால் வந்த பணம் சரியா குறைவா என்று அவரே பார்த்துக்கொள்வார்.

அப்புறம் இந்தப் பின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் நுட்பமாகப் பார்த்தால் 40.4686 ஏர், அதைப் பட்டாவில் 40.50 என்று முழுமைப்படுத்தி எழுதினால் திரும்ப மாற்றும்போது முப்பது சதுர அடிக்கு மேல் கூடுதலாக வரும். ஒருவர் சென்ட்டுக்கு 435 என்று பெருக்குகிறார், இன்னொருவர் 436 என்கிறார், ஐம்பது சென்ட்டில் இதற்குள்ளேயே 50 சதுர அடி வித்தியாசம். நெருக்கமான ஊர்களில் வேலி போடும்போது சண்டை மூட்ட அது போதும். அதனால் மாற்றும் எண்ணை நீங்களே ஒன்றாக நிர்ணயித்து, முழுமைப்படுத்தியதால் வரும் வேறுபாட்டை நிலம் கூடியதாகவோ குறைந்ததாகவோ எடுத்துக்கொள்ளக்கூடாது என்று பட்டாவின் அடியிலேயே ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள்.

இதொன்றும் உங்களுக்குப் புதுசு இல்லை. பதிவுத் துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பு பார்க்கும்போது சதுர அடிக்கு எவ்வளவு, சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று இரண்டையும் காட்டத்தானே செய்கிறீர்கள்? விலைக்குச் செய்ததைப் பரப்புக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். மெட்ரிக் முறையைக் கைவிடச் சொல்லவில்லை, சட்டப்படியான அளவு ஹெக்டேராகவே இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் ஏக்கர் சென்ட்டும், ஊர்க் குடியிருப்பு மனைகளுக்கான நத்தம் பட்டாவிலும் நகரப் பட்டாவிலும் சதுர மீட்டருக்குப் பக்கத்தில் சதுர அடியும் வரட்டும். புதிதாக அளக்க வேண்டாம், சர்வேயர் வர வேண்டாம், இருக்கிற எண்ணைப் பெருக்கி அச்சடித்தால் போதும். இணையத்தில் எடுக்கிற பட்டாவிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பட்டா வைத்திருக்கும் ஒரு விவசாயி