வன்கூவரில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போன கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். நீ வேலைக்குப் போகும் அவசரத்தில் இருந்தாய். அவசரத்தில் கதைக்கிற விஷயமும் இல்லை இது. அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

"அப்பா, கிழமை முழுக்க வீடில்லாத சனத்தோடுதான் நிற்கிறேன். அதுவே என்னுடைய ஆராதனை. பிறகு எதற்கு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய் வாங்கில் இருக்க வேண்டும்?" என்று கேட்டாய். நீ செய்யும் வேலையை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் நீ சொன்னதில் பாதியை உடனே ஒத்துக்கொள்வார்கள். பாட்டும் செபமும் முடிந்து வாசலைத் தாண்டினால் ஆராதனை முடிந்துவிட்டது என்று, ஆயுதம் எடுக்காத கிறிஸ்தவர்கள் என்று பேரெடுத்த இந்த மெனோனைட் சனம் ஒருநாளும் நினைத்ததில்லை. மற்றப் பாதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நீ போன பிறகு இங்கே ஞாயிறு ஆராதனை பெரிதாக மாறவில்லை. முதலில் சமாதான மெழுகுதிரியை ஏற்றுவார்கள். ஏதாவது ஒரு நாட்டின் பேரைச் சொல்லி, அங்கே சண்டை ஓய வேண்டும் என்று செபிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் முன்னுக்குப் போய் நிலத்தில் இருந்து கதை கேட்பார்கள். வேதப்பகுதி, பிரசங்கம், காணிக்கை எல்லாம் உனக்குத் தெரிந்த ஒழுங்குதான். பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல விடு.

யாழ்ப்பாணத்தில் தென்னிந்தியத் திருச்சபையில் ஆர்மோனியத்தோடு கீர்த்தனை பாடி வளர்ந்தவன் நான். எல்லாருக்கும் ஒரே மெட்டு. இங்கே வந்த முதல் ஞாயிறு, வாத்தியம் எதுவும் இல்லாமல் முழுச் சபையும் நான்கு குரலாகப் பிரிந்து பாடத் தொடங்கியபோது எந்தக் குரலைப் பிடிப்பது என்றே எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த வயதான விவசாயி பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்து, ஆக அடியில் ஓடுகிற வரியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அந்த நகக்கண்ணில் இருந்த மண்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து நான் கீழ்க்குரல்காரன். என் வரியை வீட்டில் தனியே பாடிப் பார்த்திருக்கிறேன், பாட்டு மாதிரியே கேட்காது. மற்ற மூன்று குரலும் சேர்ந்தால்தான் நான் என்ன பாடுகிறேன் என்று எனக்கே தெரியும்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிரசங்கத்துக்குப் பிறகு வருகிற பகிரும் நேரம். ஒருவர் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு வாங்கு வாங்காக வருவார். யாருக்குப் பேரப்பிள்ளை பிறந்தது, யாருக்கு வேலை போனது, யாருக்குப் பரிசோதனை முடிவு வரவேண்டியிருக்கிறது, எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சின்ன வயதில் உனக்கு அது அலுப்பாக இருந்தது. இப்போது நான் அதற்காகவே போகிறேன் என்றுகூடச் சொல்வேன்.

போன ஞாயிறு ஒலிவாங்கியை வாங்கியவர், நாங்கள் வந்த வருடம் எங்களுக்கு வீடு பார்த்துத் தந்த அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். அகதிகள் குழுவை எத்தனையோ வருடம் நடத்தியவர். கட்டில், குளிர்கால உடுப்பு, பிறகு நீ வளர்ந்ததும் உன்னுடைய பள்ளிக்கூடப் பதிவு எல்லாவற்றுக்கும் அவர்தான் ஓடினார். அப்படிப்பட்டவர் எழும்பி நின்று, "என் மனைவிக்கு மறதி கூடிவிட்டது. இரவில் எழும்பி வாசல் கதவைத் திறக்கிறார். நான் நித்திரை கொண்டு கனகாலம். கிழமையில் இரண்டு பின்நேரம் யாராவது வந்து அவரோடு இருக்க முடியுமா?" என்று கேட்டார். தனக்கென்று அவர் வாய் திறந்து கேட்டதை அதுவரை நான் கண்டதில்லை. முதலில் கை உயர்த்தியது எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு பெண். வந்து கொஞ்சக் காலம்தான் ஆகிறது. ஆங்கிலம் இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வரும். "செவ்வாய்க்கிழமை நான்" என்றார், அவ்வளவுதான். அவர் குடும்பத்தைக் கூப்பிட்ட கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் இதே ஆசிரியர்தான்.

பிள்ளை, இந்தச் சபையின் பழைய கதையும் இப்படித்தான் போகிறது. உன் வேலைக்கு இது உதவும் என்று நினைத்துச் சொல்கிறேன்.

ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு உக்ரைனின் தெற்குப் பக்கத்து மெனோனைட் கிராமங்களை உள்நாட்டுப் போர், நோய், பஞ்சம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடித்தது. அந்தச் செய்தி கேட்டு வட அமெரிக்காவில் இருந்தவர்கள் 1920-இல் சேர்ந்து தொடங்கியதுதான் மெனோனைட் மத்திய குழு, நாங்கள் எம்.சி.சி. என்று சொல்வது. 1922-இல் அவர்களுடைய சமையற்கூடங்கள் உச்ச நேரத்தில் ஒரு நாளைக்கு 25,000 பேருக்குச் சாப்பாடு கொடுத்தன. 1923 முதல் 1930 வரை அந்தக் கிராமங்களிலிருந்து ஏறத்தாழ 20,000 பேர் கனடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1924 ஜூலையில் ஒரு பெரிய கூட்டம் இங்கே ஒன்ராறியோவின் வாட்டர்லூவில் ரயிலால் இறங்கியபோது, நூறு வருடத்துக்கு முதலே பென்சில்வேனியாவிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய மெனோனைட் குடும்பங்கள் போய் நின்று அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அந்த ஆசிரியரின் அம்மா அப்படி இறங்கிய கைக்குழந்தைகளில் ஒருவர்.

வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து சனம் தப்பி ஓடிய காலத்தில், 1979 மார்ச்சில், சபைகளே அகதிகளைக் கூப்பிட்டுப் பொறுப்பெடுக்கலாம் என்று கனடா அரசோடு முதன்முதலில் ஒப்பந்தம் எழுதியது இதே எம்.சி.சி.தான். சோறு வாங்கிச் சாப்பிட்ட வீட்டுப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதன் பின்னால் நின்றார்கள். அந்த வரிசையில் பிறகு நாங்கள் வந்தோம். இப்போது எரித்திரியக் குடும்பத்துக்கான குழுவில் அம்மா இருக்கிறார். இந்தச் சபையில் கொடுக்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் மறுபக்கம் என்று வாங்கு பிரித்துப் போட முடியாது. நான் இங்கே தங்கிவிட்டதற்குப் பெரிய காரணம் அதுதான்.

புதன்கிழமைப் போர்வை வேலை இன்னும் நடக்கிறது. உனக்கு ஞாபகம் இருக்கும், பேஸ்மென்டில் மேசையைச் சுற்றி ஆட்கள், நீ கண் தெரியாத ஆச்சிமாருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாய். அறுபது அங்குலம் அகலம், எண்பது அங்குலம் நீளம். மேலும் கீழும் துணி, நடுவில் பஞ்சுப்படை. நாலைந்து அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. முடிச்சை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, வழுக்காது என்று தெரிந்த பிறகுதான் நூலை வெட்டுவார்கள். துணி வெட்டுத்துண்டுதான், ஆனால் நிறம் பொருந்தாவிட்டால் அந்த ஆச்சிமார் விடமாட்டார்கள். 2020 ஜனவரியில் எம்.சி.சி.யின் நூற்றாண்டுக்கு ஒரே நாளில் 6,500 போர்வை என்று இலக்கு வைத்து, அதையும் தாண்டி முடிச்சுப் போட்டார்களே, அந்தச் சனிக்கிழமையும் நீ நின்றாய். சிரியாவுக்கும் உக்ரைனுக்கும் போகிற போர்வைகள் இவை. 1967-இலிருந்து நியூ ஹாம்பர்க் ஏலத்துக்குப் போகிற கைத்தையல் குவில்ட் வேறு. அது காசு சேர்க்க. இது யாரோ இரவில் போர்த்திக்கொள்ள. இரண்டுக்கும் ஒரே கவனம்.

நீ இருக்கிற மாகாணத்திலும் இவர்களின் கை பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் கனடாவில் பத்தாயிரத்துக்கு மேல், பெரும்பாலும் மெனோனைட்டுகள். அவர்களில் பலரை பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு அனுப்பினார்கள். காட்டுத்தீ அணைத்தார்கள், வன்கூவர் தீவில் மரம் நட்டார்கள். ஆயுதம் வேண்டாம் என்கிற இந்தக் கொள்கை எனக்கு இலகுவாக இருக்கவில்லை. ஷெல் குண்டு விழுகிற இடத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவனுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள் என்று போதகரிடமே கேட்டிருக்கிறேன். அவர் வாதாட வரவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "இந்தக் கேள்வியை எங்களோடு இருந்தே கேட்டுக்கொண்டிருங்கள்" என்றார். இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்தது.

பெரிய வியாழன் மாலை சபையில் கால் கழுவுவோமே. யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தை வாசித்து முடித்துவிட்டு எல்லாரும் பேஸ்மென்டுக்கு இறங்குவோம். எதிரெதிரே இரண்டிரண்டு கதிரை, ஒரு பிளாஸ்டிக் பேசின், கூசாவில் வெதுவெதுப்பான தண்ணீர், துவாய். முதல் வருடம் என்னோடு சோடி சேர்ந்தவர் என்னைவிட மிகவும் மூத்தவர். ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலில் இருந்தார். தொழிற்சாலையில் நின்று நின்று தடித்து வெடித்த என் குதிக்காலைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, மற்றக் கையால் தண்ணீர் வார்த்தார். பிறகு விரலிடுக்கு விரலிடுக்காகத் துவாயால் ஒற்றினார். அவசரமே படவில்லை. எனக்குக் காலை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது. பிறகு அவருடைய காலை நான் கழுவினேன், அது சுகமான வேலை. கழுவக் கொடுத்ததுதான் கஷ்டம். பேதுருவும் அதற்குத்தான் முதலில் மாட்டேன் என்றார்.

மகள், நீ நாள் முழுக்க மற்றவர்களுடைய காலைக் கழுவுகிறாய். உன்னுடைய காலை யாரிடம் கொடுக்கிறாய்?

குளிர்காலத்தில் நீ பார்த்துவந்த அந்த மனிதர் இறந்ததை எங்களிடம் நீ சொன்னது எவ்வளவோ பிந்தி. அதுவும் அம்மா இரண்டாம் தரம் கேட்ட பிறகு. கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக விட்டுப் போகிறார்கள் என்றாய். நித்திரை சரியில்லை என்பதை நீ சொல்லவில்லை, குரலில் கேட்டது. நீ பலமான பிள்ளை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொடுக்க மட்டும் தெரிந்தவர்கள் ஒரு கட்டத்தில் வறண்டு போவதை நான் கண்டிருக்கிறேன். தங்களிடம் வாங்குகிறவர்களிலேயே அவர்களுக்குக் கோபம் வரத் தொடங்கும். உனக்கு அது வரக்கூடாது. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை பற்றி இவ்வளவு எழுதுகிறேன். வாங்கில் போய் இருப்பது கடவுளுக்குக் கணக்குக் காட்ட என்று நான் நினைக்கவில்லை. உனக்கும் ஒரு தேவை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லப் பழகுகிற இடம் அது. வேலைத்தளத்தில் அதைச் சொல்ல முடியாது. எங்களிடமே நீ சொல்கிறாய் இல்லையே.

இதை ஞானஸ்நானத்துக்கு நெருக்குகிற கடிதமாக எடுத்துக்கொள்ளாதே. 1525 ஜனவரியில் சூரிச் நகரத்தில் கொன்ராட் கிரேபெலும் பீலிக்ஸ் மான்ஸும் ஜோர்ஜ் பிளவ்ரொக்கும் வளர்ந்த ஆட்களாக, தாங்களே விரும்பி ஞானஸ்நானம் எடுத்தார்கள். இரண்டு வருடத்துக்குள் மான்ஸை லிம்மாத் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். சொந்த விருப்பம் வேண்டும் என்பதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் வழியில் வந்த சபை உன்னை அவசரப்படுத்தினால் அதற்கு அர்த்தமே இல்லை. அம்மம்மா கடைசிவரை மனவருத்தப்பட்டாலும் உனக்கு நாங்கள் குழந்தையில் ஞானஸ்நானம் கொடுக்காதது அதனால்தான். ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. உன்னைச் சபைக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டி அர்ப்பணித்த அன்று எங்களிடம் மட்டும் வாக்குக் கேட்கவில்லை. முழுச் சபையும் எழும்பி நின்று, இந்தப் பிள்ளையைத் தாங்குவோம் என்று சொன்னது. நீ வளர்ந்துவிட்டாய், ஊர் மாறிவிட்டாய் என்பதற்காக அதை யாரும் திருப்பி எடுக்கவில்லை. அந்த ஆசிரியர் போன ஞாயிறும், தன் கவலைக்கு நடுவிலும், உன்னை விசாரித்தார்.

வன்கூவரிலும் மெனோனைட் சபைகள் இருக்கின்றன. ஒன்றுக்குப் போ. போனால் தயவுசெய்து எதற்கும் கை உயர்த்தாதே. சமையல் குழுவுக்கு ஆள் வேண்டும் என்பார்கள், நீ சும்மா இரு. நன்றாகப் பாட வராவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கிறவர் வரியைக் காட்டுவார். கொஞ்ச நாள் போனதும், பகிரும் நேரத்தில் ஒலிவாங்கி உன் பக்கம் வரும்போது, நித்திரை வருவதில்லை என்று மட்டும் சொல்லு. பிறகு என்ன நடக்கிறது என்று பார்.

பெரிய வியாழனுக்கு இங்கே வர முடியுமென்றால் இன்னும் நல்லது. லீவு கிடைக்குமா என்று இந்தக் கிழமையே கேட்டுச் சொல்லு, விலை ஏற முதல் டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா