ஏழரைப் பஞ்சாயத்தும் பிற நடவடிக்கைகளும்: மர்மக்கதை வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று ஆரம்பிப்பதுதான் மரபு. வருகைப் பதிவேடு மேசைமேல் இருக்கிறது, புரட்டிக்கொள்ளுங்கள். கணக்கைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். நான் பேசப்போவது பெரும்பாலும் ஒரே ஒரு நாவலைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த ஆண்டு நம் சண்டைகள் எல்லாமே அதிலிருந்துதான் கிளம்பின.

2018இல் வந்த ஸ்டூவர்ட் டர்ட்டனின் நாவல் அது. எவலின் ஹார்ட்கேஸிலின் ஏழு மரணங்கள் என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பழைய மாளிகை, இரவு விருந்து, பதினோரு மணிக்கு அந்த வீட்டுப் பெண் சாகப்போகிறாள். இதுவரை நமக்குப் பழகிய சமாச்சாரம். ஆனால் கதைசொல்லி கண் விழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வீட்டில் இருக்கும் வேறொருவரின் உடம்புக்குள் விழிக்கிறான், நாள் மட்டும் மாறுவதே இல்லை. மொத்தம் எட்டு உடம்பு. அதற்குள் கொலையாளி யாரென்று சொல்லிவிட்டால் விடுதலை, இல்லையென்றால் நினைவெல்லாம் துடைக்கப்பட்டு மறுபடி முதலிலிருந்து.

முதல் தகராறு புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே வந்தது. முந்தைய ஆண்டு வந்த வேறொரு நாவலின் பெயரோடு குழம்பக் கூடாதென்று அமெரிக்கப் பதிப்பில் ஏழு மரணங்களை ஏழரை ஆக்கிவிட்டார்கள். ஏழரை என்றால் நமக்கு வேறு ஞாபகம் வரும் என்பது அந்தப் பதிப்பாளருக்கு எப்படித் தெரியும்? நம்மில் பாதிப் பேரிடம் ஏழு, மீதிப் பேரிடம் ஏழரை. இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்துவிட்டோமோ என்று ஒருவர் பயந்தே போனார். இது தெரியாமல் நான் வேறு ‘நூற்றியிருபதாம் பக்கம் வரை படித்து வாருங்கள்’ என்று சொல்லிவைத்தேன். பதிப்புக்குப் பதிப்பு பக்கக் கணக்கு வேறு, அதனால் ஒரு தரப்பு ஒரு திருப்பத்தைத் தாண்டிவிட்டது, இன்னொரு தரப்பு அதன் வாசலில் நின்றது. தாண்டியவர்களில் ஒருவர் வாயைத் திறந்துவிட்டார், அப்புறம் நடந்ததைப் பதிவேட்டில் எழுதவில்லை. தவறு என்னுடையது. இனி அத்தியாய எண்தான் கணக்கு.

இரண்டாவது தகராறு ரொனால்ட் நாக்ஸைப் பற்றியது. துப்பறியும் கதைக்கு 1929இல் அவர் பத்துக் கட்டளைகள் போட்டார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், அமானுஷ்யம் கூடாது, ஒன்றுக்கு மேல் ரகசிய அறை கூடாது, இப்படி. உடம்பு விட்டு உடம்பு தாவுவது அமானுஷ்யம் இல்லாமல் வேறென்ன, இது போங்காட்டம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் புத்தகத்தை மூடியே வைத்துவிட்டார். எனக்கு அவர் கட்சி ஒப்பவில்லை. கதை எவ்வளவு விநோதமாக ஆரம்பித்தாலும் பரவாயில்லை, அதன் விதியை நமக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு மாட்டிக்கொண்ட இடத்தில் புது விதி கொண்டுவராமல் இருந்தால் சரி. இதில் முகமூடி போட்ட ஒருவர் வந்து விதிகளைச் சொல்லிவிடுகிறார், கொலைக்கான விடையோ மனிதர்களின் பொய்யிலும் பேராசையிலும்தான் இருக்கிறது. ஆல்ஃபிரட் பெஸ்டரின் 1953ஆம் ஆண்டு நாவலிலும் இதே ஏற்பாடுதான்: மனதைப் படிக்கத் தெரிந்தவர்கள் காவல் துறையிலேயே இருக்கும் உலகத்தில் ஒருவன் கொலை செய்துவிட்டுத் தப்பப் பார்க்கிறான். நாக்ஸ் என்ன சொல்லியிருப்பாரோ, அறிவியல் புனைகதைகளுக்கென்று அந்த ஆண்டு முதன்முதலாகக் கொடுத்த ஹியூகோ விருது அதற்குத்தான் போயிற்று.

இனி என் சொந்த வாக்குமூலம். ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன், பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். கூட்டத்தில் நாலைந்து பெரிய தாள்களை ஒட்டி, பக்கவாட்டில் மணி நேரம், மேலே எட்டு உடம்பு என்று கட்டம் போட்டு நிரப்பியபோதுதான் விஷயம் வெளுத்தது. மூன்றாவது கட்டத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் நின்றவர் யார் என்று கேட்டார்கள், எனக்குக் கதவே ஞாபகமில்லை. வேகமாக ஓடும் கதைகளில் துப்பை எங்கேயும் ஒளிக்க வேண்டியதில்லை, கண்ணெதிரே போட்டுவிட்டு அடுத்த வரியில் ஒரு அலறலை வைத்தால் போதும், நாம் தாண்டிப் போய்விடுவோம். இந்த நாவல் கொஞ்சம் கருணை காட்டுகிறது. ஒருவன் கண்ணில் தவறவிட்டதை இன்னொருவன் கண் வழியாக அதே மணிக்குத் திரும்பக் காட்டுகிறது. அந்தப் பருத்த ரேவன்கோர்ட் பிரபுவின் உடம்புக்குள் போனதும் நகரவே முடியாமல் கதை மூச்சு வாங்கும் பாருங்கள், அங்கே போரடிக்கிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதுதான் புத்தகத்திலேயே பிடித்த பகுதி, அவனோடு உட்கார்ந்து யோசிக்க முடிந்தது.

1934இல் வந்த ‘கெயின்ஸ் ஜாபோன்’ புதிரையும் எடுத்தோம். நூறு பக்கத்தையும் வரிசை மாற்றி அச்சிட்டிருப்பார்கள், அடுக்கிச் சரிசெய்து கொலைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். வெளிவந்த காலத்தில் இரண்டே பேர்தான் விடை கண்டார்கள். நமக்கு இரண்டு கூட்டத்தில் தலைவலி வந்தது, கைவிட்டோம்.

செயற்குழு முடிவு: வேகக் கதைகளை நான்கு தவணையாகப் படிப்பது, ஒவ்வொரு தவணையிலும் அவரவர் சந்தேகிக்கும் ஆளின் பெயரைச் சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போடுவது, முந்திப் படித்தவர் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருப்பது.

அந்தக் கட்டத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. ஆறாவது கட்டத்தில் யாரோ உற்சாகத்தில் கொலையாளியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்கள். மடித்து ஊசி குத்தி வைத்திருக்கிறேன், புது உறுப்பினர்கள் தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்