தொழில் வகைப்பாட்டில் ஆவண மேலாளருக்கும் ஓர் எண் தாருங்கள்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் தொழில் வகைப்பாட்டைப் பேணிவரும் வல்லுநர்களுக்கு,

வணக்கம். உங்கள் 2008-ஆம் ஆண்டுப் பன்னாட்டு வகைப்பாட்டில் 436 தொழில் அலகுகள் உள்ளன; ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. ஆவணக் காப்பகத்தாரும் அருங்காட்சியகக் காப்பாளர்களும் 2621. நூலகர்கள் 2622. கோப்புகளை அடுக்கி நகலெடுக்கும் எழுத்தர்கள் 4415. இவற்றுக்கு நடுவே வேலை பார்க்கும் ஆவண மேலாளர்களுக்கென்று தனி அலகு எதுவும் இல்லை. கணக்கெடுப்பவர் ஒருவர் எங்களை நிர்வாகத்தில் சேர்ப்பார், இன்னொருவர் எழுத்தர்களோடு சேர்ப்பார்.

இது வெறும் எண் விவகாரம் அல்ல. உங்கள் பட்டியலை ஒட்டித்தான் பல நாடுகள் தங்கள் தொழிலாளர் கணக்கை எடுக்கின்றன. கணக்கில் வராத தொழிலுக்கு ஆள் பற்றாக்குறை இருந்தாலும் யாருக்கும் தெரியாது. தொழில் வழிகாட்டிக் கையேட்டிலும் அதன் பெயர் வராது. நான் பழகிய சக பணியாளர்களில் பெரும்பாலோர் வேறு வேலைக்குச் சேர்ந்து, "ரெக்கார்ட் ரூமையும் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லப்பட்டு இதற்குள் வந்தவர்கள். விரும்பித் தேர்ந்தெடுத்து வர அவர்களுக்கு வழியே இருக்கவில்லை.

நாங்கள் செய்வதை ஓர் ஒப்பந்தத்தை வைத்துச் சொல்கிறேன். அதைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதாகக் கொள்வோம். கையெழுத்தான நாளிலிருந்தா, ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்தா பத்து ஆண்டு? இடையில் வழக்கு வந்தால் காலம் முடிந்திருந்தாலும் அழிக்கக் கூடாது. அந்தத் தடையைப் போடுவது யார், எடுப்பது யார்? பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றும்போது கோப்பு பத்திரமாக வந்துவிடும். யார், எப்போது ஒப்புதல் தந்தார் என்ற விவரம் உதிர்ந்துபோகும். அப்படி வந்து சேர்ந்த கோப்பு நீதிமன்றத்தில் எதற்கு உதவும்? கடைசியில் அழிக்கும்போதும் எதை, எந்த விதிப்படி, யார் அனுமதியோடு அழித்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். சட்டமும் கணினியும் நிர்வாகமும் தெரிந்தவர் எடுக்கும் முடிவுகள் இவை. அழிப்பதுதான் எனக்கு எப்போதுமே கடினமான பகுதி, ஏனென்றால் அதைத் திரும்பப் பெற முடியாது.

பிரிட்டனில் 2018-இல் பெரிதாக வெடித்த விண்ட்ரஷ் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். பல பத்தாண்டுகளுக்கு முன்பே கரீபியத் தீவுகளிலிருந்து சட்டப்படி குடியேறியவர்கள் தங்கள் உரிமையை நிரூபிக்க முடியாமல் வேலையை இழந்தார்கள், சிலர் காவலில் வைக்கப்பட்டார்கள், நாடுகடத்தவும் பட்டார்கள். வந்திறங்கிய தேதியைக் காட்டக்கூடிய பழைய வருகை அட்டைகள் 2010-இலேயே அழிக்கப்பட்டிருந்தன. கொடுமைக்கு அட்டைகள் மட்டும் காரணமல்ல, குடியேற்றச் சட்டங்களின் கடுமைதான் முதல் காரணம். ஆனாலும் அந்த அட்டைகள் பிறகு யாருக்குத் தேவைப்படும் என்பது அழிப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்பதுதான் எங்கள் தொழில்.

மருத்துவ ஆவணங்களைக் கையாளும் நுட்பநர்களுக்கு 3252 என்று நீங்களே தனி இடம் தந்திருக்கிறீர்கள். சரியான முடிவு. நோயாளியின் பதிவுக்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்றால், நிலவுரிமைக்கும் ஓய்வூதியத்துக்கும் குடியுரிமைக்குமான பதிவுகளுக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

வரையறையைப் புதிதாக எழுதும் சிரமமும் உங்களுக்கு இல்லை. 2001-இல் வெளியாகி 2016-இல் திருத்தப்பட்ட, ஆவண மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 15489, ஆவணத்துக்கு மெய்த்தன்மை, நம்பகத்தன்மை, சிதையாமை, பயன்படுத்தத் தக்க நிலை ஆகிய நான்கும் வேண்டும் என்கிறது. இந்த நான்கையும் காப்பவர் ஆவண மேலாளர் என்று எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்த திருத்தத்தில் எங்களுக்கு நான்கு இலக்க அலகு ஒன்றைத் தாருங்கள். எழுத்தர்களுக்கான நான்காம் பெரும்பிரிவில் வேண்டாம், தொழில்முறை வல்லுநர்களுக்கான இரண்டாம் பெரும்பிரிவில் வேண்டும். வரைவு தயாரானதும், இந்த வேலையை அன்றாடம் செய்பவர்களிடம் ஒருமுறை காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆவண மேலாளர்