என் கம்ப்யூட்டரில் பூட்டி வைத்த வேகத்தைத் திறந்து கொடுங்கள்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை - 600 011.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை.

பொருள்: உங்கள் டெக்னீஷியன் வந்து போன பிறகு டர்போ பூஸ்ட் வேலை செய்யாதது, பயாஸ் (மிஷினின் அடிப்படை செட்டிங்) பாஸ்வேர்டைத் தர மறுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இரண்டரை மாதமாக உங்கள் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இதற்கு முன் மூன்று மெயில் அனுப்பினேன். மூன்றுக்கும் புகார் எண் வந்தது, ஆள் வரவில்லை. அதனால்தான் இப்போது ஸ்பீடு போஸ்டில் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவள். 2023 டிசம்பரில் இன்டெல் ஐ5 12400 ப்ராசஸர் போட்ட உங்கள் டெஸ்க்டாப்பை வாங்கினேன். 3 வருட வாரண்டி இன்னும் முடியவில்லை. மிஷினைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடிப்படை வேகம் 2.5 ஜிகாஹெர்ட்ஸ், வேலை கூடினால் தானாகவே ஏறி 4.4 வரை போகும், அதுதான் டர்போ பூஸ்ட். இதைச் சொல்லித்தான் விற்றீர்கள்.

மே மாதம், கத்திரி வெயில் நேரம். என் மாடி ரூமில் ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தேன். உங்கள் டெக்னீஷியன் வந்தார். இருபது நிமிடம் கீபோர்டில் ஏதோ தட்டினார். பெட்டியைத் திறக்கவே இல்லை. சத்தம் நின்றது. நல்ல பையன் என்று காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அன்று சாயங்காலம் ஒரு ரிசப்ஷன் வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால், வழக்கமாக 35 நிமிடத்தில் முடிகிற வேலை ஒரு மணி நேரத்தைத் தொடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். வேகம் 2.49. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதே 2.49. முன்பெல்லாம் எக்ஸ்போர்ட் ஓடும்போது ப்ராசஸருக்குள் இருக்கும் ஆறு கோரும் சேர்ந்து 4 வரை போவதை நானே தினம் பார்த்திருக்கிறேன்.

போனில் உங்கள் ஆட்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் விண்டோஸை அப்டேட் செய்யச் சொன்னார். இன்னொருவர் விண்டோஸையே திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். எடிட்டிங் சாஃப்ட்வேர், பிளகின், ஆல்பம் ஃபாண்ட் எல்லாம் மறுபடி ஏற்ற ஒன்றரை நாள் ஆனது. வேகம் அதே 2.49.

அப்புறம்தான் அந்த சனிக்கிழமை. மிஷினைக் கொண்டு வந்தால் உடனே பார்த்துக் கொடுப்போம் என்று உங்கள் கால் சென்டரில் சொன்னார்கள். சிபியுவைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பெரம்பூரிலிருந்து கிண்டி சர்வீஸ் சென்டருக்கு ஆட்டோவில் வந்தேன். போக 380 ரூபாய், வர 400. டோக்கன் எடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கவுண்டரில் இருந்தவர் என் மிஷினை ஆன்கூட செய்யவில்லை. கையில் இருந்த செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "2.5னு போட்டிருக்கு, 2.5 வருது. அப்புறம் என்ன மேடம் பிரச்சினை?" என்றார். டர்போ என்று நான் ஆரம்பித்ததும், "யூடியூப் பார்த்துட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க. டைப் அடிக்கிறதுக்கு இந்த ஸ்பீடு போதும்" என்றார். பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். நான் டைப் அடிக்கிறவள் என்று அவரிடம் யார் சொன்னது? டைப் அடிக்கிறவராகவே இருந்தாலும், காசு கொடுத்து வாங்கிய வேகம் அவருக்குக் கிடைக்க வேண்டாமா? கடைசியில், இன்ஜினியர் சனிக்கிழமை வரமாட்டார், திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே!

அன்று ராத்திரி நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். இந்த டர்போ பூஸ்ட் ஒன்றும் புதுச் சமாச்சாரம் இல்லை. இன்டெல் 2008லேயே ஐ7 ப்ராசஸரோடு கொண்டு வந்தது. சூடும் மின்சாரமும் வரம்புக்குள் இருந்தால் சிப் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும். என் மிஷினில் எக்ஸ்போர்ட் ஓடும்போது சூடு 60 டிகிரி. இந்தச் சிப்பின் வரம்பு 100. டர்போவில் 117 வாட் வரை எடுக்கக்கூடிய ப்ராசஸர் இப்போது 40 வாட்கூட எடுக்கவில்லை. அப்படியானால் சூடும் தடுக்கவில்லை, கரண்டும் தடுக்கவில்லை. யாரோ கையால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். விண்டோஸைத் திரும்பப் போடுவதற்கு முன்பே பவர் ஆப்ஷனில் மாக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 99 சதவீதம் என்று இருந்ததைப் பார்த்து போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். 100ஐ 99 ஆக்கினாலே டர்போ நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நான் அதை 100 ஆக்கியும் வேகம் ஏறவில்லை. பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். அங்கே டர்போ பூஸ்ட், டிஸேபிள்டு என்று இருக்கிறது. எழுத்து சாம்பல் நிறத்தில் இருக்கிறது. மாற்றப் போனால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. நான் எந்தப் பாஸ்வேர்டும் வைக்கவில்லை. மே மாதத்துக்கு முன் அது கேட்டதும் இல்லை.

உங்கள் ஆள் ஃபேனைச் சரி செய்யவில்லை. வேகத்தைக் கட்டிப் போட்டு, அதற்கு மேல் ஒரு பூட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. பின்பக்க ஜாலி வழியாகப் பார்த்தாலே ஃபேன் இறக்கையில் தூசி கம்பளி மாதிரி படிந்திருப்பது தெரிகிறது. அதைத் துடைத்து, ப்ராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியிருந்தால் போதும். ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டேன், அரை மணி நேர வேலை என்றார்கள். ஆனால் அவர்கள் கை வைத்தால் உங்கள் வாரண்டி சீல் போய்விடும். நீங்களும் செய்யமாட்டீர்கள், வெளியிலும் செய்யவிடமாட்டீர்கள் என்றால் நான் எங்கே போவது?

பாஸ்வேர்டைக் கேட்டால், "பாலிசி மேடம், தரமுடியாது" என்கிறார்கள். என் வீட்டில் இருக்கும் என் மிஷினுக்கு உங்கள் பாலிசியா?

வைகாசி, ஆனி முகூர்த்தத்து வீடியோக்கள் ஒன்பது இன்னும் நிற்கின்றன. ஒரு பெண் வீட்டார் மீதிப் பணம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த பேர் இந்த இரண்டரை மாதத்தில் மொத்தமாகப் போய்விட்டது. லட்ச ரூபாய் கொடுத்தாலும் அது திரும்ப வராது. ஆவணி பிறந்தால் அடுத்த சீசன்.

எப்போதும் 4.4 ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது ஒன்றிரண்டு கோருக்குக் கொஞ்ச நேரம் கிடைப்பது என்று எனக்கும் தெரியும். மே மாதத்துக்கு முன் எப்படி ஓடியதோ அப்படி ஓடினால் போதும். உங்கள் இன்ஜினியர் என் வீட்டுக்கு வந்து, பாஸ்வேர்டை எடுத்து, டர்போவை ஆன் செய்து, ஃபேனைச் சுத்தம் செய்து, ஒரு எக்ஸ்போர்ட் ஓட்டிக் காட்டட்டும். இரண்டு ஆட்டோ செலவு 780 ரூபாயையும் தந்துவிடுங்கள். அந்த மூன்றாவது கவுண்டர்காரர் எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை மட்டும் நான் விடமாட்டேன்.

உங்கள் மேல் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கடிதம் கிடைத்த 7 நாளில் ஆள் வரவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுப்பேன். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பில், 99 போட்டோ, பயாஸ் போட்டோ, டோக்கன் சீட்டு எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். நகல்கள் இதோடு இருக்கின்றன.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பெரம்பூர்.

பி.கு.: மதியம் 3 மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். வருகிறவர் பாஸ்வேர்டைக் கையோடு கொண்டு வரட்டும். ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பிப் போகிற ஆளை அனுப்பாதீர்கள்.