45 நாளா, 180 நாளா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுதொழில்கள் போட்டியில் நிற்க வேண்டுமென்றால் வீணாவதைக் குறைக்க வேண்டும், நவீன மெஷின் வாங்க வேண்டும் என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் எங்கள் தெருவுக்கு ஒரு நடை வந்துவிட்டு எழுதியிருக்கலாம்.

கோவை கணபதியில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை. மூன்று லேத், இரண்டு ஆட்கள், என் கணவர். பில், கணக்கு, வசூல் நான். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாப்ட் கடைந்து கொடுக்கிறோம்.

வீணாவதைப் பற்றிச் சொல்கிறேன். லேத்தில் இரும்பைச் சீவுகிற இன்சர்ட் என்பது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வில்லை. நாங்கள் போடுவதில் மேலே இரண்டு மூலை, திருப்பிப் போட்டால் இரண்டு மூலை வெட்டும். எது தேய்ந்தது என்று குழம்பி, பாதி வில்லைகளை முன்பு குப்பையில் போட்டிருக்கிறோம். இப்போது தேய்ந்த மூலையில் என் மகளின் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைக்கிறேன். நாலு பொட்டு விழாமல் எதுவும் வெளியே போகாது. எஃகுச் சுருளும் வார்ப்பிரும்புத் தூளும் தனித்தனி டின்னில்தான். கலந்தால் பழைய இரும்புக்காரர் விலையை அடித்துவிடுவார்.

மெஷின் விஷயம். ஷாப்ட்டில் கீவே என்கிற பள்ளம் வெட்டும் மெஷின் எங்களிடம் இல்லை, நாலு பட்டறை தள்ளி இருக்கிறது. கிரைண்டிங் எதிர் வரிசையில். காலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஷாப்ட்டுகளை ஏற்றி அனுப்பினால், இரண்டு வேலையும் முடிந்து சாயங்காலம் திரும்பிவிடும். அவர்களுக்குக் கடைசல் வேலை வந்தால் எங்களிடம் வரும். ஆளாளுக்கு எல்லா மெஷினும் வாங்கிக் கடனில் விழாமல் இப்படித்தான் ஓட்டுகிறோம்.

கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி லேத் வாங்க ஆசையில்லாமல் இல்லை. கொட்டேஷன் வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து இரண்டு வருடமாகிறது. வங்கிக்குப் போனால் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வியே, "உங்க பார்ட்டி எத்தனை நாள்ல பணம் தர்றாங்க?" அதோடு எழுந்து வந்துவிடுவேன்.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்கிற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க அரசின் இணையதளம், விசாரிக்கக் கோவையிலேயே கவுன்சில். எல்லாம் சரி. எங்கள் வேலையில் பாதிக்கு மேல் தருகிற பார்ட்டி மீது புகார் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் லேத்தில் எதை மாட்டுவது? எங்கள் தெருவில் அந்த வட்டியில் ஒரு ரூபாய் வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

45 நாளுக்குள் தராத தொகையை, அதைத் தருகிற ஆண்டு வரை வேலை வாங்கியவர் தன் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2023இல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்தார்கள். அதன் பலன், 2024 மார்ச்சில் எங்கள் பழைய பாக்கி மளமளவென்று வந்தது. ஏப்ரலில் பர்ச்சேஸ் ஆபீஸரிடமிருந்து போனும் வந்தது: "அக்கா, இனிமே பில்லுல உத்யம் நம்பர் போட வேண்டாமுங்க." நாங்கள் சிறு நிறுவனம் என்று காட்டுகிற அரசுப் பதிவு எண் அது. போடுவதில்லை. வேறென்ன செய்ய?

இதற்கு நடுவில் ஜிஎஸ்டி. பில் போட்டால் பணம் வந்தாலும் வராவிட்டாலும் நான் வரி கட்டிவிட வேண்டும். அந்த வரியைப் பார்ட்டி உள்ளீட்டு வரி என்று தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்கிறார். எனக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால்தான் அவர் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு சட்டம் 45 என்கிறது, இன்னொன்று 180 வரை விட்டுவிடுகிறது. என் நோட்டில் இப்போது நிற்கும் பழைய பில்லுக்கு 130 நாள்.

நான் கேட்பது ஒன்றுதான். உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களின் பில்லுக்கு மட்டும் அந்த 180ஐ 45 ஆக்கட்டும். பில் தேதி ஜிஎஸ்டி தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பணம் தந்த தேதியைப் பார்ட்டியே பதிய வேண்டும் என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். உத்யம் பதிவில் எங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் கொடுத்துத்தான் இருக்கிறோம், பில்லில் நம்பர் போடாமல் விட்டாலும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். நான் யார் மீதும் புகார் எழுத வேண்டியதில்லை.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். அந்தப் பர்ச்சேஸ் ஆபீஸர் மேசையிலும் உங்கள் பேப்பர்தான் கிடக்கும்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரி,
கணபதி, கோவை - 6