பெத்தது அஞ்சு, இருக்கது நாலு: வாரிசு விசாரணை நடத்தும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வருவாய்த் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். எந்த வட்டம், எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாரோ ஒரு உதவியாளருக்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் போகும், அதோடு சரி. வாரிசுச் சான்றுக்காக உங்கள் வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் இது நடந்திருக்கும் என்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை என் அம்மா உங்கள் நடையில் நின்றாள். வயது 76. ஐம்பது வருடமாகப் பீடி சுற்றியவள். சுளகை மடியில் வைத்துக் குனிந்தே இருந்ததில் முதுகு கூனிவிட்டது, விரல் ரேகையும் தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை எந்திரம் அவளை யாரென்றே தெரியாது என்கிறது. அன்றைக்கு முக்கால் மணி நேரம் நின்றபிறகு பெயரைக் கூப்பிட்டார்கள். அரைக்கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் ஒருவர், இந்தப் பக்கம் அம்மா. அவள் பின்னால் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் வந்த ஒரு இருபது பேர்.

"ஆச்சி, மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"

"பெத்தது அஞ்சுய்யா. இருக்கது நாலு."

"மனுவுல நாலுதான இருக்கு?"

"இருக்கது நாலுய்யா."

"பெறகு விசாரணையில ஏன் அஞ்சுன்னு சொன்னிய?"

"கேட்டாவ. சொன்னேன்."

அதற்கப்புறம் வந்த கேள்விகள் உங்களுக்கே மனப்பாடம். இறந்தது ஆணா பெண்ணா, பெயர் என்ன, எப்போது இறந்தது, எதனால், கல்யாணம் ஆகியிருந்ததா, இறப்புச் சான்று எங்கே. ஒன்றரை வயதில் போன குழந்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டபோதும் அம்மா கோபப்படவில்லை. "இல்லய்யா" என்றாள்.

பெயரையும் சொன்னாள். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா சாகும்வரை சொன்னதில்லை. தம்பி போனபோது எனக்கு ஐந்து வயது, எனக்கே அந்தப் பெயர் பாதி மறந்திருந்தது. அதை அன்றைக்கு உங்கள் நடையில், ஜெராக்ஸ் கடைப் பையன் உட்படப் பலரும் கேட்க, அம்மா இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை உங்களுக்குச் சரியாகக் காதில் விழவில்லையாம். இந்த மடலில் அதை எழுத மாட்டேன். கேட்டவர்கள் போதும்.

பக்கத்தில் நின்ற ஒருவர், யாரென்றே தெரியாது, "எப்படிம்மா செத்துது?" என்று கேட்டார். அவருக்கும் அம்மா பதில் சொன்னாள். பெரியவர்கள் கேட்டால், அதுவும் ஒரு ஆபீசில் வைத்துக் கேட்டால், சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவள்.

என் வேண்டுகோளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்துபோகக்கூடும். கேளுங்கள். கேட்க வேண்டியது உங்கள் கடமை. ஆனால் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, ஒரே ஒரு தடவை கேளுங்கள்.

நியாயத்துக்கு எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்ல வேண்டும். அப்பா போன ஆனியில் தவறினார். நாற்பது சென்ட் வயல், வங்கியில் ஒரு சின்ன டெபாசிட், அவ்வளவுதான் சொத்து. பட்டா மாற்ற வாரிசுச் சான்று வேண்டும் என்றார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பத்தைப் பதிந்தது நான்தான். பிள்ளைகள் நான்கு என்று சொல்லி டைப் அடிக்க வைத்ததும் நான்தான். தம்பியை மறைக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. உண்மையில் நினைக்கவே இல்லை. பிறகு கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார். அம்மா அவரிடம் ஐந்து என்று சொல்லியிருக்கிறாள், அவரும் அப்படியே எழுதிவிட்டார். விண்ணப்பத்தில் நான்கு, அறிக்கையில் ஐந்து. முரண்பாடு. கோப்பு நின்றுவிட்டது.

நிற்கட்டும், சரி. முரண்பாடு இருந்தால் நீங்கள் கேட்காமல் விட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு வாரிசை விட்டுவிட்டுச் சான்று கொடுத்தால் நாளைக்கு நீங்கள்தான் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வேறு சம்சாரம் உண்டா என்ற கேள்வியும் அப்படித்தான். அதைக் கேட்காமல் விட்டதால் தெருவில் நின்ற பெண்கள் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியையும் நீங்கள் அதே அரைக்கதவு வழியாக, அதே குரலில் கேட்டீர்கள். ஐம்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்திவிட்டுத் தாலியறுத்து ஒரு வருடம் ஆகாத பெண்ணிடம். வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் நின்றிருந்தார். கேள்வி அவர் காதில் விழுந்தது, பதில் விழவில்லை போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் என் தங்கையிடம் ஒருத்தி, "ஒங்கப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்துதாமே?" என்று கேட்டிருக்கிறாள்.

இறப்புச் சான்று கேட்டீர்கள். 1969-லேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது, பதிந்திருக்க வேண்டும் என்றீர்கள். சட்டம் வந்தது உண்மை. எங்கள் ஊரில் அப்போது அந்த நோட்டு கிராம முன்சீப் வீட்டில் இருந்தது. 1980-இல் முன்சீப், கர்ணம் பதவிகளையே எடுத்துவிட்டார்கள். தேடிப் பார்த்த வரையில் தம்பி பெயர் இல்லை. ஆற்றங்கரையில் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அப்பா, மறுநாள் போய்ப் பதிந்தாரா இல்லையா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் இருந்தால் இந்தச் சான்றே தேவைப்பட்டிருக்காது.

எப்போது இறந்தது என்றதற்கு அம்மா சொன்ன பதிலைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள். "காமராசர் செத்து அடுத்து வந்த தைப்பூசத்துக்கு மறுநாள்" என்றாள். "தேதி சொல்லுங்க ஆச்சி, கதை வேண்டாம்" என்றீர்கள். ஐயா, காமராசர் இறந்தது 1975 அக்டோபர் 2. அடுத்த தைப்பூசம் 1976-இல். பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினால் தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் ஐம்பது வருடம் கழித்தும் ஒரு நாள்கூடப் பிசகாமல் சொல்கிறாள். இதைவிடத் துல்லியமான பதில் உங்கள் கோப்பில் வேறு எதுவும் இருக்காது.

துல்லியம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பிறந்த மாவட்டம் எது என்ற கேள்வி. அம்மா பிறந்தது கடையம் பக்கம். பிறந்தபோது அது திருநெல்வேலி மாவட்டம். 1986-இல் தூத்துக்குடி தனியாகப் போனபின் எங்களுக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர், அம்மாவின் பழைய பீடி கார்டில் இன்னும் அதுதான் இருக்கிறது. 1997-இல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தபோது மறுபடியும் திருநெல்வேலி. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்ததும் கடையம் அங்கே போய்விட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெயரை மாற்றிக்கொண்டே இருந்தது நீங்கள். "ஒவ்வொரு கார்டுல ஒவ்வொரு மாவட்டம் இருக்கே, எது சரி?" என்று நீங்கள்தான் அம்மாவிடம் கேட்கிறீர்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்னத்தைச் சொல்ல?

கோபத்தை விடுகிறேன். எனக்குக் கேள்வி கேட்கிற வேலை தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2001, 2011 இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் போயிருக்கிறேன். அந்தப் படிவத்தில், கல்யாணமான பெண்களிடம் கேட்க இரண்டு கேள்விகள் உண்டு: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடிருக்கும் பிள்ளைகள் எத்தனை. ஆண் தனி, பெண் தனி. இரண்டு எண்ணும் வேறாக வருகிற வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள்.

2011 பிப்ரவரியில் ஒரு வீட்டில் மாமியார், புருஷன், கொழுந்தன் எல்லோரும் சுற்றி இருக்க இதைக் கேட்டேன். மருமகள் "ரெண்டு, ரெண்டு" என்றாள். எழுதிக்கொண்டு எழுந்தேன். செருப்பைப் போடும்போது, "டீச்சர், அடுப்பங்கரைக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். போனேன். செம்பைக் கையில் கொடுத்துவிட்டு, "மூணு, ரெண்டுன்னு மாத்திக்கிடுங்க" என்றாள். அவ்வளவுதான். நான் வேறெதுவும் கேட்கவில்லை. திண்ணைக்கு வந்து திருத்தினேன். அதற்கப்புறம் போன வீடுகளில் அந்தக் கேள்வி வரும்போது நானே தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அந்தப் படிவத்தில் எழுதியதை நான் வெளியே சொல்லக்கூடாது, 1948-ஆம் வருடச் சட்டம் அப்படி. கோர்ட்டில்கூட அதைச் சாட்சியாகக் காட்ட முடியாது. ஒரு தலை எண்ணிக்கைக்கே அந்தக் காப்பு இருக்கிறது. அதே கேள்வி வாரிசு விசாரணை என்ற பெயரில் வந்தால் மட்டும் நடையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவாகிவிடுமா? தள்ளிப்போன கணக்கெடுப்பு 2027-இல் முடியும் என்கிறார்கள். யாரோ ஒரு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்பாள். அந்தத் தாளிலாவது தம்பிக்கு ஒரு கட்டம் இருக்கும்.

உங்கள் கஷ்டமும் தெரியாமல் இல்லை. ஆள் பற்றாக்குறை, ஜூன் மாதக் கூட்டம், மேலே இருந்து வருகிற நெருக்கடி. ஆனால் கதவைச் சாத்தப் புதிய பணியிடம் தேவையா? நாற்காலிக்கு அரசாணை வேண்டுமா? கூட்டம் நடத்துகிற அறை ஒன்று பூட்டித்தான் கிடந்தது, நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள் உள்ளே அடுக்கி இருந்தன. ஒன்றை எடுத்து வெளியே போடுங்கள் என்று கேட்க வாய் வந்தது. கோப்பு இன்னும் கீழே போய்விடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

முதல் தடவை கேட்டதையே இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் வேறு வேறு ஆட்கள் கேட்டதைப் பற்றி நீட்டி எழுதவில்லை. முன்னால் கேட்டவர் எழுதி வைத்திருந்தால் பின்னால் வந்தவர் படித்திருக்கலாம்.

இரண்டாம் தடவை வந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களில் ஒருவர், உதவி செய்கிற எண்ணத்தோடுதான், குரலைத் தாழ்த்தி, "ஆச்சி, நாலுன்னு சொல்லிருங்க. வேலை முடிஞ்சிரும்" என்றார். நானும் தம்பிமாரும் அதைத்தான் அம்மாவிடம் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "அவனையும் நாந்தானய்யா பெத்தேன்" என்றாள். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்று குரலைத் தாழ்த்திப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாம் தடவை, அதுதான் போன புதன்கிழமை, "ஏதாவது ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க, இல்லன்னா எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பியதை நம்பி வந்தோம். ஆதாரம் எதுவும் இல்லை என்று நான் சொன்னேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது, தகரப்பெட்டிக்குள் இருந்த தாள்கள் எல்லாம் கூழாகிவிட்டன. அதையும் சொன்னேன். "அப்ப அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க" என்றீர்கள்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள். வெள்ளத்தன்று வீட்டைவிட்டு ஓடும்போது அவள் எடுத்து வந்தது அந்தப் பை ஒன்றைத்தான். வெற்றிலைக்கும் சில்லறைக்கும் கீழே, பீடிக் கட்டில் ஒட்டுகிற லேபிள் தாளில் மடித்து ஒன்று இருந்தது. பிரித்துக் காட்டினாள். ஒரு சின்னப் பிள்ளையின் வெள்ளி அரைஞாண். கறுத்துப்போய், என் மணிக்கட்டை இரண்டு சுற்று சுற்றுகிற நீளம்கூட இல்லை.

"ஆதாரம் கொண்டாரச் சொன்னாவல்லா, கொண்டாந்தேன். கேக்கவே இல்ல" என்றாள்.

அதைக் கோப்பில் சேர்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

ஐயா, அம்மா, எங்கள் வயல் எப்போது எங்கள் பெயருக்கு மாறும் என்று கேட்டு இதை எழுதவில்லை. பிசானத்துக்குத் தண்ணீர் விடுவதற்குள் மாறினால் நல்லது, மாறாவிட்டாலும் இந்த வருடம் குத்தகைக்காரர் நட்டுவிடுவார். இனி உங்கள் வாசலுக்கு வருகிற பெண்களுக்காகக் கேட்கிறேன். புருஷன் போன அடுத்த மாதமே வருகிறவர்கள் அவர்கள். நடையில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள். தயவுசெய்து உட்கார வைத்து, கதவைச் சாத்தி, ஒரு தடவை கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருகிறோம். அம்மாவால் இப்போது அதிக நேரம் நிற்க முடியவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் பழைய பதிலைத்தான் சொல்லுவாள்.

பணிவுடன்,
அவளுடைய மூத்த மகள்