இந்த அக்டோபர் வேண்டாம், பாப்பா

பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. அக்டோபரில் உங்கள் அல்டிமேட் ஃபிரிஸ்பீ நேஷனல்ஸ், அந்தத் தட்டு மாதிரி டிஸ்க்கை வீசிப் பிடிக்கும் ஆட்டத்தில் நாலு பாயிண்டுக்காவது உள்ளே இறங்கிவிட வேண்டும் என்கிறாய். வலி இல்லை, வீக்கம் இல்லை, படி ஏற முடிகிறது, மெதுவாக ஓடவும் தொடங்கிவிட்டாய். சரி, எல்லாம் உண்மைதான். ஆனாலும் இந்த அக்டோபர் வேண்டாம்.

முட்டிக்கு வைத்தியம் பார்க்கிறவளாகவே சொல்கிறேன், கேள். உனக்கு மே மாதம் ஆபரேஷன். அக்டோபர் என்றால் 5 மாதம்தான். முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 9 மாதத்துக்கு முன்னால் களத்துக்குத் திரும்பினால் மறுபடி அடிபடும் ஆபத்து நன்றாகவே கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தொடைக்குப் பின்னாலிருந்து எடுத்து வைத்த தசைநாண் உடனே ஜவ்வாகிவிடாது. முதலில் பலம் குறையும், அப்புறம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். பலம் குறைந்திருக்கும் நாட்களிலும் அது வலிக்காது. அதனால்தான் ‘வலியே இல்லை’ என்று நீ சொன்னபோது எனக்கு நிம்மதி வரவில்லை.

உனக்கு அடிபட்ட விதத்தையும் நினைத்துப் பார். யாரும் உன் மேல் மோதவில்லை. டிஸ்க்குக்காக ஓடி, காலை ஊன்றித் திரும்பினாய், அவ்வளவுதான். ஓடித் திரும்பும் விளையாட்டுகளில் பெண்களுக்கு இந்த ஜவ்வு கிழிவது ஆண்களைவிட அதிகம். உங்கள் ஆட்டமோ முழுக்க முழுக்க அந்தத் திருப்பம்தான். 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம், பக்கத்துக்கு ஏழு பேர், 15 பாயிண்ட் வரை ஆட்டம். டிஸ்க்கைப் பிடித்தவள் ஓடக் கூடாது என்பதால் மற்ற ஆறு பேரும் திரும்பித் திரும்பி ஓடித்தான் இடம் பிடிக்க வேண்டும். அதுவும் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம். நாலே பாயிண்ட் என்று மனசு சொல்லும். ஆனால் ஜவ்வு போவதற்கு ஒரு திருப்பம் போதும்.

அப்பா டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொல்கிறார். நான் போ என்கிறேன். உன் கூட்டத்தோடு கட்டாயம் போ. நாங்கள் விசா கிடைக்காமல் இங்கே தவித்துக்கொண்டிருந்தபோது, ஆபரேஷன் முடிந்த உன்னை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள். அவர்களை நான் மறக்க மாட்டேன்.

போய் என்ன செய்வது என்று கேட்பாய். நீ அனுப்பிய வீடியோக்களை இந்த மாதம் முழுக்கப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. டிஸ்க் வைத்திருப்பவளின் முகத்துக்கு நேரே நின்று பத்து வரை எண்ணுகிறாளே, அந்த மார்க்கருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்தான் அவளுக்குக் கண். டிஸ்க் கையை விட்டதும் ‘அப்’ என்று கத்துகிறார்கள். ‘ஸ்ட்ரைக்’ என்றால் அவள் சட்டென்று பக்கம் மாறி வழியை அடைக்கிறாள். சத்தம் அரை நொடி தாமதித்தாலும் டிஸ்க் போய்விடுகிறது. இதற்கு ஆட்டம் தெரிந்த, தொண்டை உள்ள ஒருத்தி வேண்டும். உனக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டும் உண்டு.

அப்புறம், ஒரு பக்கம் பாயிண்ட் எடுக்கும்வரை நடுவில் ஆள் மாற்ற முடியாது, யாருக்காவது அடிபட்டால் தவிர. அதனால் ஒவ்வொரு பாயிண்டுக்கும் எந்த ஏழு பேர், காற்றுக்கு எதிரே வீச வேண்டியிருந்தால் யார், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்றெல்லாம் ஒருத்தி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு இரைக்க ஓடி வந்து நிற்கும் கேப்டனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! அந்த வேலையை நீயே கேட்டு வாங்கு.

ஒரு வருடம் போனால் எல்லாம் போய்விடும் என்று அழுதாய். சான் பிரான்சிஸ்கோவின் ஃபியூரி அணியைப் பற்றிச் சொன்னவளே நீதான். 2006 முதல் 2012 வரை வரிசையாக ஏழு வருடம் அவர்கள்தான் அமெரிக்கப் பெண்கள் சாம்பியன். 2013, 2014 இரண்டு வருடமும் வாஷிங்டனின் ஸ்கேண்டல் அணி தட்டிச் சென்றது. ஃபியூரி கலைந்தா போனார்கள்? அப்புறமும் வந்து ஜெயித்தார்கள். உனக்கும் அடுத்த வசந்த காலத்தில் அணிக்கு ஆள் எடுக்கும் டிரைஅவுட் வரும்போது 11 மாதம் முடிந்திருக்கும். அதற்குள் அடிபட்ட கால் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் சோதனையிலும் அதே கணக்குதான். அது வந்துவிட்டால் நீ இறங்குவதை நானே கைதட்டிப் பார்ப்பேன்.

அதுவரை உன் பிசியோ ஒத்துக்கொண்டால் நின்ற இடத்திலிருந்தே வீசிப் பழகு. ஃபோர்ஹேண்ட் வீச்சு காற்றில் ஆடுகிறது என்று ரொம்ப நாளாகச் சொல்கிறாய், இப்போது அதற்கு நேரம் இருக்கிறது. ஓடும் நாட்களில் தொடையின் முன்பக்கப் பயிற்சியை மட்டும் தள்ளிப் போடாதே. எல்லாரும் அதில்தான் ஏமாறுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவதை வீடியோ எடுத்து அனுப்பு. இரண்டு காலுக்கும் தனித்தனியாக, நேர் முன்னாலிருந்து எடு. முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா
திருச்சி